வந்து போன காய்ச்சல்

எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் யாருக்காவது அம்மை போட்டால், முன்பே போட்டு எழுந்தவர்கள்தான் பக்கத்தில் இருந்து பார்ப்பார்கள். சின்ன வயதில் எனக்குப் போட்டபோது அக்காதான் வேப்பிலையோடு என் பாயோரம் கிடந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒருமுறை பட்டதை உடம்பு மறக்காது என்பார்கள். உண்மைதான்.

டெங்கு வந்தபோதும் அதே கணக்கைத்தான் போட்டோம். நாசமாய்ப் போன கணக்கு! ஓப்பநாயக்கவில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காவுக்கு டெங்கு வந்து, எப்படியோ பிழைத்திருந்தாள். அடுத்த மழைக்கு எங்கள் குருவிட்ட ரப்பர் தோட்டத்தில் பால் வடிக்கும் சிரட்டைகளிலெல்லாம் தண்ணீர் தேங்கிக் கொசு பெருகியது. எனக்குக் காய்ச்சல் கண்டது. அம்மாவுக்கு அதுவரை டெங்கு வந்ததில்லை. தானும் படுத்துவிட்டால் என்னைப் பார்க்க ஆளில்லையே என்று பயந்து அக்காவுக்குச் சொல்லி அனுப்பினாள்: "ஒனக்குத்தான் வந்து போயிருச்சே, நீ வந்து பாத்துக்க."

கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு அக்கா வந்தாள். மகாராணிக்குக் கஞ்சியை ஊட்டிவிட வேண்டுமோ என்று கிண்டல் செய்துகொண்டே ஊட்டினாள். நான் எழுந்து நடமாடிய வாரம் அவள் படுத்தாள். ஈறெல்லாம் இரத்தம். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தும் அவளைக் காப்பாற்ற முடியவில்லை.

டாக்டர் என்னிடம் சிங்களத்தில் விளக்கினார். முதல் காய்ச்சலோடு சண்டை போட்ட அணுக்களில் சில சாகாமல், அதை ஞாபகம் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் உடம்பில் இருக்குமாம். அம்மை திரும்ப வராமல் காப்பது அந்த ஞாபகம்தானாம். ஆனால் டெங்குவில் நாலு வகை. வேறு வகை வந்தால் அந்த அணுக்கள் அதைப் பழையது என்று நினைத்துப் பழைய ஆயுதத்தையே எடுக்குமாம். அது கிருமியைக் கொல்லாமல், சிலருக்கு உள்ளே நுழையவே வழி விட்டுவிடுமாம். முதல் தடவை காய்ச்சல் கண்டவர்கள் பெரும்பாலும் தாங்கிவிடுவார்களாம்.

அப்படியானால் அம்மாவே என்னைப் பார்த்திருக்கலாம். அவளுக்கு வந்திருந்தாலும் அநேகமாகப் பிழைத்திருப்பாள். அக்காவும் இருந்திருப்பாள்.

அவ்வளவு சிங்களம் அம்மாவுக்குப் புரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். இதை எந்த வாயால் சொல்வேன்?

"என்னைய யாரு வந்து பாத்திருந்தாலும் அவங்களுக்கு இப்படித்தான் ஆயிருக்குமாம், அம்மா," என்றேன்.

அம்மா நம்பிவிட்டாள். கட்டிலடியில் கிடந்த அக்காவின் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப நானே பாத்திருக்கலாமே," என்றாள். "நான் போயிருப்பேன். அவ இருந்திருப்பா."