நாற்பத்தொன்பது, நாற்பத்தொன்பது

மாதம் பிறந்தால் பெர்னடீன் ஹூடாக் பாலத்தில் நிற்பாள். மழையோ பனியோ முழங்கால் வலியோ அவளைத் தடுத்ததில்லை. பாலத்தின் இரண்டு பக்கக் கைப்பிடியிலும் பள்ளிப் பேருந்தின் மஞ்சள் சாயத்தால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். ஓடை வரும் பக்கத்துக் கோட்டில் கேமராவை வைத்து ஒரு படம் எடுப்பாள். சாலையைக் கடந்து, ஓடை போகும் பக்கத்துக் கோட்டில் இன்னொரு படம். இடையில் மூன்று நிமிடம்கூட ஆகாது. வேறு நாள், வேறு வெயில் என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

வரும் தண்ணீரில் கூழாங்கல் தெரியும். பாலத்துக்கு அடியில் உலோகப் பூச்சு ஆலையின் கழிவுநீர்க் குழாய் ஓடையில் விழுகிறது. போகும் தண்ணீர் துருவின் நிறத்தில் போகும்.

பென்சில்வேனியாவில் மலையை ஒட்டிய அந்தச் சின்ன ஊரில் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஊர் மன்றத்தில் இன்று நாற்காலியில் இருப்பவர்கள் எல்லாருமே மூக்கு ஒழுக அவள் வண்டியில் ஏறியவர்கள்தான். வண்டியில் ஒரே சட்டம். சீட்டுக்கு இரண்டு பேர், பக்கத்தில் பக்கத்தில். ஒரு பிள்ளை எழுந்து பின்னால் போனாலும் வண்டி நகராது.

ஓய்வு பெற்றதும், 2010 மார்ச்சில், படம் எடுக்கத் தொடங்கினாள். அவற்றை இணையத்தில் போட மகள் காரின் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லிக் கொடுத்தாள். பிட்ஸ்பர்க்கில் இணையதளம் கட்டுவதுதான் காரினுக்கு வேலை. இடது படத்துக்கு அகலம் ஐம்பது சதவீதம், வலது படத்துக்கு ஐம்பது, இரண்டுக்குமான நிரலையும் ஒட்டி ஒரே வரியில் எழுது என்றாள். அம்மா செய்த முட்டைக்கோஸ் நூடுல்ஸை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பேருந்துப் பதிவேட்டில் பிள்ளைக்கு ஒரு வரி என்று எழுதிப் பழகிய கை அது. பெர்னடீன் படத்துக்கு ஒரு வரி என்று தட்டினாள்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். வரும் தண்ணீர் மட்டும் தெரிந்தது. போகும் தண்ணீர் அதற்குக் கீழே, திரைக்கு வெளியே இறங்கிவிட்டது. மன்றத் தலைவர் வெர்ன் ஸ்டாக்கர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான்.

"தண்ணி பளிங்கு மாதிரி இருக்கே, பெர்னடீன். இதுல என்ன புகார்?"

அறையே சிரித்தது. வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டாள்.

"ஐம்பதும் ஐம்பதும் நூறுதானே? அப்புறம் ஏண்டி ரெண்டாவது கீழ விழுது?"

"நடுவுல வரி மாத்தினியா?"

"மாத்தினேன். அதனால என்ன?"

"அது ஒரு வெற்றிடமாப் போய் நடுவுல உக்காரும்மா. நூறுக்கு மேல ஒரு நூலளவு ஆனாலும் இடம் பத்தாது. ரெண்டாவது படம் அடுத்த வரிக்கு இறங்கிடும்."

"டிக்கெட் எடுக்காத ஒண்ணு நடுவுல ஏறி உக்காந்து என் பிள்ளையை இறக்கி விடுதா?"

"வரியைச் சேர்த்துடு. இல்லன்னா நாற்பத்தொன்பது, நாற்பத்தொன்பது போடு. ரெண்டு சதவீதம் இடைவெளி மிஞ்சும்."

"மிஞ்சட்டும். அதுதான் பாலம்."

அடுத்த கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஆலை மட்டும் அசையவில்லை. அவளும் அசையவில்லை.

சில வருடங்களில் எல்லாரும் கைபேசியில் பார்க்கத் தொடங்கினார்கள். சின்னத் திரையில் படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருவதுதான் முறை என்றாள் காரின். உலகமே அப்படித்தான் செய்கிறது என்றாள். தான் அதற்காகச் சம்பளம் வாங்குவதையும் சொன்னாள்.

"கீழ போடறதுக்கா நான் ரோட்டைத் தாண்டி நடக்கிறேன்?"

"படம் தபால்தலை அளவுக்குத்தான் தெரியும்மா."

"போனைப் படுக்க வெச்சுப் பாக்கட்டும். கை என்ன சுளுக்கியா கிடக்கு?"

"பிடிவாதம்."

"ஆமாம்."

அன்று போனை வைத்தவள் ஆறு வாரம் அம்மாவைக் கூப்பிடவில்லை. அந்த ஆறு வாரத்தை இனி எங்கே போய் வாங்குவது.

2024 பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி பெர்னடீன் போய்ச் சேர்ந்தாள். இதயம். அடக்கம் முடிந்து தீயணைப்பு நிலையக் கூடத்தில் சாப்பாடு. காகிதத் தட்டை ஏந்தியபடி வெர்ன் காரினிடம் வந்தான். அவன் கண் உண்மையாகவே சிவந்திருந்தது.

"அவங்க இல்லாத ஊரை நினைச்சே பாக்க முடியலை. படங்களை எல்லாம் ஊரோட புது இணையதளத்துல போடறோம். நினைவு ஆல்பம். ஒவ்வொண்ணா அழகா நகர்ந்து வரும், அஞ்சு நொடிக்கு ஒண்ணு. நீ அந்தப் பழைய பக்கத்தை மூடிடலாம். சிரமம் வேண்டாம்."

"எப்போ?"

"ஏப்ரலுக்குள்ள."

ஏப்ரலில்தான் ஆலைக் குழாயின் அனுமதியைப் புதுப்பிக்கும் விசாரணை.

ஒரு தண்ணீரின் நிறம் கண்ணிலிருந்து கலைய ஐந்து நொடி போதும். காரினுக்கு அது தெரியும். அவள் தொழிலே அது.

"வேண்டாம்" என்றாள்.

"ஏன்? மரியாதையாத்தானே செய்யறோம்."

"எங்கம்மா வண்டியில ஏறினவன்தானே நீ? சீட்டுக்கு எத்தனை பேர்?"

வெர்ன் தட்டைப் பார்த்தான். "ரெண்டு."

"அப்போ தெரியுதில்ல."

அன்று மாலை அம்மாவின் கணினியைத் திறந்தாள். நூற்று அறுபத்தெட்டு ஜோடிப் படங்கள். ஒவ்வொரு வரியிலும் கையால் அடித்த நாற்பத்தொன்பது. ஒரே கட்டளையில் அத்தனையையும் அழித்துப் புதிதாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஒவ்வொரு ஜோடியும் எந்தத் திரையிலும் மடியாமல் ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்று மேலே ஒரு விதி மட்டும் சேர்த்தாள். நடுவில் இருந்த பாலத்தைத் தொடவில்லை.

மார்ச் முதல் தேதி அம்மாவின் கேமராவோடு பாலத்துக்குப் போனாள். மஞ்சள் கோடு பனிக்கு அடியில் இருந்தது. கையுறையைக் கழற்றி விரலால் தேய்த்துக் கண்டுபிடித்தாள். ஒரு படம். சாலையைக் கடந்தாள். இன்னொரு படம். நூற்று அறுபத்தொன்பது.

விசாரணை அன்று கூடம் நிரம்பியிருந்தது. ஆலையின் வழக்கறிஞர் ஊரின் ஆல்பத்தைத் திரையில் ஓட விட்டார். மன்றத்தின் கையில் பழைய பிரதிகள் இருந்திருக்க வேண்டும். தெளிந்த தண்ணீர் வந்தது, போனது. துரு வந்தது, போனது. "பருவத்துக்குப் பருவம் ஓடை நிறம் மாறுவது இயல்பு" என்றார் அவர்.

காரின் எழுந்தாள். பக்கத்தின் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். மடிகளில் இருந்த கைபேசிகள் எல்லாம் வெளிச்சமாயின.

முன்வரிசையிலிருந்து வெர்ன் முனகினான். "ரொம்பச் சின்னதா இருக்கு, காரின். ஒண்ணும் தெரியலை."

"போனைப் படுக்க வெச்சுப் பாரு."

"கீழ கீழ போட்டிருந்தா எவ்வளவு—"

"பின்னால யாரும் போகக் கூடாது, வெர்ன். வண்டி நகராது."

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். வெர்னின் காது சிவந்தது. முதலில் கைபேசியைத் திருப்பியது அவன்தான். பிறகு அவன் வரிசை, பின்வரிசை, கதவோரம் நின்றவர்கள். அறுபது எழுபது கைபேசிகள் படுத்தன. பதினான்கு வருடம் இரண்டு இரண்டாக மேலே நகர்ந்தது. எல்லாப் பருவத்திலும் இடது தெளிவு. எல்லாப் பருவத்திலும் வலது துரு.

மாநில அரசிலிருந்து வந்திருந்த அதிகாரி தன் கைபேசியிலிருந்து தலை நிமிர்த்தவே நேரமானது.

"இதைப் பதிவில் சேர்க்கிறேன்" என்றாள். "ஆல்பம் இல்லை, இந்தப் பக்கம். அச்சில் எப்படி வேண்டும்?"

"பக்கத்தில் பக்கத்தில்" என்றாள் காரின்.