செவலைக்கு முடி கொட்டிய கோடை

சவுண்டல் தழையை ஒடித்தால் கையில் ஒரு பச்சை வாடை ஏறிக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோற்றோடு சேர்ந்து மணக்கும். தூத்துக்குடிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த நாங்கள் இருந்த, வரிசையாக ஒட்டிக் கட்டிய "லைன் வீட்டு"க்குப் பின்னால், வீட்டுக்காரக்கா வேலிக்காகப் போட்ட சவுண்டல் விதை இரண்டே மழையில் ஓட்டுக்கூரையைத் தாண்டி மரமாகியிருந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்று, பனியன் கம்பெனிக்குப் போக வயதும் பத்தாமல் இருந்த அந்தக் கோடையில், செவலை என்ற வெள்ளாட்டுக் குட்டியோடு அந்த நிழலில்தான் கிடந்தேன். நிட்டிங் மிஷின் சத்தம் தூரத்து மழைபோலக் கேட்கும், வெள்ளைப் பூவுருண்டைகள் ஆடும், பொழுது சாய்ந்தால் இலைகள் கைகூப்பி மூடிக்கொள்ளும். விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே தெரியாது.

"தழைதானுங்க, வேணுங்கறத ஒடிச்சுக்குங்க" என்று அக்கா சொல்லியிருந்தார். காசில்லாத தீனி, அதனால் வேறெதுவும் தேடாமல் அதையே போட்டோம். செவலைக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கியது. "சாயப்பட்டறைத் தண்ணியக் குடிச்சிருக்கும்" என்றார்கள் பக்கத்து வீட்டில். பயந்துபோய் எங்கள் குடிதண்ணீர்க் குடத்திலிருந்தே மொண்டு வைத்தேன், அப்படியும் கொட்டியது.

"சாவதுக்கு முன்ன வித்துருவோம்" என்று அப்பா கறிக்கடைக்காரரை வரச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்தவர் செவலையின் முதுகைத் தடவி, கையோடு வந்த முடியைப் பார்த்தார். "ஏனுங்க, இத நான் வாங்கிட்டுப் போனா, கடைல இருக்கற கறியும் போணியாகாதுங்க" என்று வண்டியை எடுத்தார். அப்பாவுக்கு அவமானம், எனக்கு உயிர் வந்தது.

அடுத்த வாரமே மாட்டுக்கொட்டகைக்குக் கால் வேண்டுமென்று அக்கா மரங்களை வெட்டிவிட்டார். இனி பட்டினியிலேயே செத்துவிடும் என்று அழுதுகொண்டே வாய்க்கால் புல்லும் வேப்பங்கொழையும் வாழைத்தோலும் பொறுக்கி வந்து போட்டேன். கொஞ்ச நாளில் செவலையின் முதுகில் புது முடி மினுமினுத்தது.

அக்கா சிரித்தார். "சவுண்டலையே போட்டா கொட்டாம என்ன பண்ணுங் கண்ணு? மத்ததோட கலந்து போடோணும். ஒரு வார்த்தை கேக்கலாமில்லீங்க?"

"ஏதாச்சும் கேட்டா, குடுத்த தழையையும் ஒடிக்காதன்னுருவீகளோன்னு பயந்துட்டோம்க்கா" என்றாள் அம்மா.

அந்த லைன் வீடும் நிழலும் இருந்த இடத்தில் இப்போது ஒரு குடோன். செவலை பல ஈத்து ஈன்று, வயதாகித்தான் போய்ச் சேர்ந்தது. நான்தான் இன்னும் தேறவில்லை: மகளின் சீப்பில் நாலு முடி நின்றாலே, அன்றைக்கு என்ன சாப்பிட்டாள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறேன்.