கை வைத்தால் நின்ற பீப்பா

நான் செய்த முதல் இயந்திரம் ஒருவருடைய இரண்டு விரல்களை எடுத்தது. அதைப் பற்றி ஏற்கனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன். எட்டு வரிகள், ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு. அந்த எட்டு வரிகளிலும் பொய் இல்லை. அதனால்தான் மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது.

திருகோணமலைக்குக் கிட்டக் கப்பல்துறை என்ற ஊரில், கண்டி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில், என் மாமி ஒரு சிறிய பாற்சாலை வைத்திருக்கிறார். கந்தளாய்ப் பக்கமிருந்து காலையில் பால் வரும். பாதி தயிராகிச் சட்டிகளில் போகும். மீதியின் பாலாடையைப் பிரித்து, வெண்ணெய் கடைந்து, நெய் காய்ச்சுவார்கள். கிண்ணியாவில் கலியாணம் என்றால் நெய்க்கு மாமியிடம்தான் சொல்லி வைப்பார்கள்.

கடைவதற்கு ஒரு மரப் பீப்பா இருந்தது. இரும்புச் சட்டத்தில் படுக்கையாகக் கிடக்கும். ஒரு முனையில் கைபிடி. வயிற்றில் ஒரு மூடி, அதை இறுக்க வெளியே துருத்தி நிற்கும் இரண்டு திருகாணிகள். அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள் அதில் வேலை செய்தார்கள். நான் அவர்களைப் பெரியக்கா, சின்னக்கா என்றுதான் கூப்பிடுவேன். பெரியக்கா கைபிடியைச் சுற்றுவார். சின்னக்கா பீப்பாவின் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

ஆடை முதலில் தண்ணீர் போலச் சலசலக்கும். பிறகு தடித்துச் சத்தம் அடங்கும். பிறகு திடீரென்று உடைந்து மோர் வேறு, வெண்ணெய் வேறாகும். அந்த நேரத்தில் நிறுத்தினால் வெண்ணெய் மணிமணியாக நிற்கும், நன்றாகக் கழுவலாம். தாண்டவிட்டால் மோரை உள்ளே வைத்துக்கொண்டு ஒரே கட்டியாகிவிடும். காய்ச்சும்போது அடியில் கருகி நெய்யில் மணம் ஏறும்.

வெண்ணெய் திரளும்போது வாய் திறந்தால் கண்படும் என்பது சகோதரிகளின் நம்பிக்கை. அதனால் சின்னக்கா சொல்ல மாட்டார். மூடி தன்னைத் தாண்டிப் போனதும் வலது உள்ளங்கையைப் பீப்பாவின் மேல் வைப்பார். பெரியக்கா அரைச் சுற்றுக்குள் நிறுத்திவிடுவார். பதினொரு வருடத்தில் ஒருமுறைகூட அந்த மூடி திரும்பி அவர் கைக்கு வந்ததில்லை.

நான் இயந்திரவியல் டிப்ளோமா முடித்து, துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள படகு எஞ்சின் பட்டறை ஒன்றுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். சொந்தமாக ஏதாவது செய்து ஓட்டிக் காட்டியதற்கு ஒரு கடிதம் கொண்டு வரச் சொன்னார்கள். மாமியிடம் போனேன்.

"படிச்ச படிப்புக்கு இந்தப் பீப்பாவையாவது சுத்திக் காட்டு பாப்பம்," என்றார் மாமி.

கொப்பியில் எழுதினேன். மோட்டர்: அரைக் குதிரை வலு, பழைய இரும்புக் கடையில் எடுத்தது. கப்பிகள்: நான்கு, இரண்டு கட்டமாக வேகத்தைக் குறைக்க. பெல்ட்: இரண்டு. பீப்பாவின் வேகம்: நிமிடத்துக்கு நாற்பது சுற்று. பெரியக்காவின் கை சுற்றிய வேகம் அது. மணிக்கூட்டை வைத்துக்கொண்டு மூன்று நாள் எண்ணினேன். சுவிட்ச்: கதவோரச் சுவரில், பீப்பாவிலிருந்து ஆறு காலடி தள்ளி, ஏனென்றால் பீப்பாவைச் சுற்றி எப்போதும் தண்ணீர். அந்த மூன்று நாளும் சின்னக்காவின் உள்ளங்கை என் கண்முன்னால்தான் பீப்பாவில் பட்டது. அதை நான் கொப்பியில் எழுதவில்லை. அதற்கு அளவு இல்லை.

முதல் ஓட்டத்தில் பெல்ட் வழுக்கியது. பீப்பா நின்றுவிட, மோட்டர் மட்டும் கத்தியது.

"மோட்டர் காலமை சாப்பிடேல்லை போல," என்றார் பெரியக்கா. மாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்த நாள் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்க ஓர் உருளை பூட்டினேன். இனி இரண்டு பேர் கட்டிப் பிடித்தாலும் நிற்காது என்று மாமியிடம் சொன்னேன். பெருமையாகச் சொன்னேன்.

அன்றே மாமி பெரியக்காவை நிறுத்தினார். ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டைக் காட்டி, "இது தேத்தண்ணி கேக்காது, கால் உளையுது எண்டு சொல்லாது, வாயும் காட்டாது," என்றார்.

பெரியக்கா சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "பிள்ளை, இவள் கை வைச்சா உன்ர மோட்டர் நிக்குமோ?"

"சுவிட்ச் இருக்கு அக்கா."

"சுவிட்சுக்குக் கண் இருக்கோ?"

வேலை போன கோபத்தில் கேட்கிறார் என்று நினைத்தேன். அந்த இயந்திரத்தைப் பற்றி யாராவது கேட்ட ஒரே தொழில்நுட்பக் கேள்வி அது.

இரண்டு வாரம் நானே சுவிட்சின் அருகில் நின்றேன். சின்னக்கா கையை வைப்பார், நான் நிறுத்துவேன். அரைச் சுற்றுக்குள். பெரியக்காவை விட நான் வேகம் என்றுகூடச் சின்னக்கா சொன்னார். ஆனால் ஒரு சுவிட்சைப் பார்த்துக்கொண்டு ஓர் ஆள் நிற்பது எனக்கு வடிவமைப்புப் பிழையாகத் தெரிந்தது. கடிதத்தில் 'ஆள் இன்றி இயங்குவது' என்று மாமி எழுத வேண்டும் என விரும்பினேன். மூன்றாம் வாரத்தின் முதல் நாள் காலையில் சொன்னேன்.

"இண்டையிலயிருந்து நீங்களே போய் நிப்பாட்டுங்கோ அக்கா. நான் நிக்க மாட்டன்."

"ஓம் பிள்ளை," என்றார்.

அரை மணித்தியாலம் கழித்து நான் நெய் காய்ச்சும் குசினியின் வாசலில் இருந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். தலையை உயர்த்தியபோது சின்னக்கா கண்ணை மூடியிருந்தார். மூடி தாண்டிப் போனது. அவர் உள்ளங்கையை வைத்தார். பீப்பா நிற்கவில்லை. அவர் கையை எடுக்கவும் இல்லை. நிற்கும் என்று காத்திருந்தார். திருகாணி திரும்பி வந்து அவர் விரல்களைக் கொழுவி, சட்டத்தின் தூண்வரை கொண்டுபோனது. அப்போதும் முதலில் அவர் வாயை இறுக்கி மூடித்தான் இருந்தார். பிறகுதான் கத்தினார். நான் ஓடிப்போய் நிறுத்தும்போது பெல்ட் கொஞ்சமும் வழுக்கவில்லை.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் நடுவிரலையும் மோதிர விரலையும் பாதியில் எடுத்தார்கள்.

மாமி வெண்ணெயைக் கழுவி எடுத்த பிறகுதான் பீப்பாவைக் கழுவினார். மாலையில் எனக்கு முன்னால் ஒரு தாளை வைத்தார். "நாளைக்கு ஆரும் கேட்டா காட்டக் கடுதாசி வேணும். நீ படிச்சனி, எழுது."

எழுதினேன். இயந்திரம் சீராக இயங்கியது. சுவிட்ச் வேலை செய்தது. ஊழியருக்கு அன்று காலை அறிவுறுத்தப்பட்டது. அவர் ஓம் என்றார். இயங்கும் பீப்பாவில் அவராகவே கை வைத்தார். இப்படி எட்டு. கீழே ஒப்பமிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துச் சின்னக்கா வந்தார். கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தார்.

"அம்மா, பழைய வேலையத் தாங்கோ. வேற வேலைக்கு ஒருத்தரும் எடுக்கினமில்லை."

"இந்தக் கையோட என்னத்தைச் செய்வாய்?" என்றார் மாமி.

"கை வேண்டாம் அம்மா. காதால கேட்டுச் சொல்லுவன்." பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ளை கண்டவ தானே, நான் எப்பவும் கை வைக்கிறதை."

"ஓடுற மிசினில கை வைக்கிறது பிழை தானே அக்கா," என்றேன்.

மாமி கதிரையில் சாய்ந்துகொண்டார். அந்த இரண்டு மாதத்தில் நான் பீப்பாவைச் சுற்றி ஒரு மரப்பெட்டி அடித்திருந்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் தானாக நிறுத்தும் மணிக்கூட்டுச் சுவிட்ச் ஒன்றும் பூட்டியிருந்தேன். பட்டறைக்குக் கொடுக்க வேண்டிய கடிதம் மாமியின் ஒப்பத்துக்காக மேசையில் கிடந்தது.

"சரி, இப்பவே ஓட்டிப் பாப்பம்," என்றார் மாமி. "பிள்ளை சொல்லட்டும். இவ தேவையெண்டா வைச்சிருக்கிறன். தேவையில்லையெண்டா விடுறன். எனக்கு இந்த மிசின் விசயம் தெரியாது."

ஓட்டினேன். சின்னக்கா வாசற்படியில் நின்று கண்ணை மூடினார். சலசலப்புத் தடித்தது, அடங்கியது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது போன்ற சத்தம். எனக்கும் கேட்டது.

"இப்ப," என்றார் சின்னக்கா. வெண்ணெய் திரளும் நேரத்தில் அவர் வாய் திறந்து ஒரு சொல் சொன்னதை நான் கேட்டது அன்றுதான்.

மணிக்கூட்டைப் பார்த்தேன். "இன்னும் நாலு நிமிசம் இருக்கு அக்கா."

"உடைஞ்சிட்டுது பிள்ளை. நிப்பாட்டு."

"கண்படும் எண்டு மூச்சும் விடாத ஆள், இப்ப பார் கதையை," என்றார் மாமி.

சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. அன்று ஆறு காலடிகூட இல்லை. நான் கையைத் தூக்கவில்லை. நாலு நிமிடமும் மூன்று பேரும் அந்த அடியைக் கேட்டுக்கொண்டு நின்றோம். மணிக்கூடு தட்டியது, பீப்பா நின்றது.

பெட்டியைத் தூக்கி மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரே கட்டி. சின்னக்கா இடக்கையால் ஒரு துண்டு கிள்ளி எடுத்து, என் முகத்துக்கு முன்னால் பிழிந்தார். வெள்ளையாக மோர் சொட்டியது.

மாமியும் கண்டார். "காய்ச்சினா எல்லாம் நெய்தான்," என்றார். "சொல்லு பிள்ளை. இவ தேவையோ?"

"தேவையில்லை மாமி."

மாமி கடிதத்தை இழுத்து ஒப்பமிட்டார். சின்னக்கா விரலில் இருந்த வெண்ணெயை மூடியின் விளிம்பில் வழித்தார். போகும் வழியில் குனிந்து, உருளை அழுத்திப் பிடித்திருந்த பெல்ட்டை ஒருமுறை விரலால் தட்டிப் பார்த்தார். அது அசையவில்லை.

"நல்லா இறுக்கியிருக்கிறாய் பிள்ளை," என்றார்.