கோஃபிக்கு வைத்த சேனை

எங்கள் அத்தைக்கு வாய் சும்மா இருக்காது. அப்பாவின் அக்கா, மாமா போன பிறகு எங்களோடேயே வந்துவிட்டவள். நெமிலிச்சேரியில் எங்கள் வீட்டு மாடியை வாடகைக்குப் பார்க்க யார் வந்தாலும், "கொழா ஒழுகும், சாய்ந்தரமானா கொசு ஆளையே தூக்கிகினு பூடும், என் தம்பி ரிப்பேர் பண்றேன்னு சொல்லுவான், பண்ண மாட்டான்" என்று எல்லாவற்றையும் அவளே சொல்லி அனுப்பிவிடுவாள். மாடி காலியாகவே கிடந்தது. அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

இதையெல்லாம் சித்தப்பா இங்கிலீஷில் எடுத்துச் சொல்லக் கேட்டும் சிரித்துக்கொண்டே அட்வான்ஸ் கொடுத்தவர் ஒருவர்தான். ஆப்பிரிக்காவில் கானா நாட்டுக்காரர், பக்கத்துக் கல்லூரியில் மேல்படிப்புக்கு வந்தவர். கூடவே நிறைமாத மனைவி. அவர்கள் பெட்டிக்கு மேலே பைபிள் இருந்ததைப் பார்த்ததும் அத்தைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நம்ம சனம்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர்களை முன்னால் விட்டுச் சர்ச்சுக்குப் போகும்போது அவள் நடையே வேறு மாதிரி இருக்கும்.

வெள்ளிக்கிழமை பையன் பிறந்தான். அவர்கள் ஊர் வழக்கத்தில் வெள்ளிக்கிழமை பிறந்த பையன்கள் எல்லாருமே கோஃபிதானாம். அதோடு பைபிளிலிருந்து ஒரு பேரும் முன்னோர் பேரும் சேரும். எட்டாம் நாள் வரை குழந்தை விருந்தாளி மாதிரி. அன்றைக்கு விடியும் நேரத்தில் வெளியே எடுத்துவந்தால்தான் நம்மோடு தங்க வந்த ஆள். நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு சொட்டு மதுவும் வைப்பார்களாம், எது எதுவாக இருக்கிறதோ அதை அப்படியே சொல்லி வளர வேண்டும் என்று. சர்ச்சுக்குப் போக ஆரம்பித்த பிறகு அவர்கள் குடும்பத்தில் மதுவுக்குப் பதில் சோடா. முன்னோரைக் கூப்பிட்டுத் தரையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் விடவில்லை. இதெல்லாம் சித்தப்பா கேட்டுவந்து சொன்னது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த அவருக்குத்தான் எங்கள் வீட்டில் இங்கிலீஷ் வரும்.

அத்தை பொங்கிவிட்டாள். "செத்தவங்கள கூப்புடறதா? நம்ம ஊட்டு மாடிலயா? பைபிள் வெச்சுகினு இன்னாடா இது?"

"கல்லறைத் திருநாளுக்கு நம்ம அப்பா சமாதில முறுக்கு வெச்சியேக்கா, அது இன்னாவாம்?" என்றார் சித்தப்பா.

"அது அவருக்குப் புடிக்கும்டா" என்றாள். 

அன்று சாயங்காலம் குழந்தையின் அப்பாவே கீழே இறங்கி வந்தார். நாக்கில் தொட்டு வைப்பவரின் குணம்தான் குழந்தைக்கு வருமாம். வீட்டுக் குறையெல்லாம் முதல் நாளே சொன்ன ஆன்ட்டிதான் வைக்க வேண்டும் என்றார். எங்களிலும் இது உண்டு. பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்போம். சேனை என்று பேர். அதற்கும் வைப்பவரின் குணம் பார்ப்பார்கள். ஏசப்பா பேரைச் சொல்லி வைப்போம், அவ்வளவுதான் வித்தியாசம். வாய்க்குப் பேர் போன அத்தை அன்றைக்கு வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாடியில் அவள் காலடி படுமா என்று வீடே காத்திருந்தது.

விடிகாலையில் மொட்டை மாடிக்கு நாங்கள் போனபோது, அத்தை எங்களுக்கு முன்னால் அங்கே நின்றிருந்தாள், சர்ச்சுக்குக் கட்டும் வெள்ளைப் புடவையில். சித்தப்பா கோலி சோடாவை அமுக்க, அது வெடித்த வெடியில் நுரை அவர் சட்டையெல்லாம் வழிந்தது. கோஃபி வீறிட்டான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு குழந்தையின் அப்பா முன்னோர் பேரைச் சொல்லித் தரையில் தண்ணீர் ஊற்றினார். அத்தை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தன் ஜெபத்தைத் தனியாக முணுமுணுத்தாள். இரண்டும் ஒரே நேரத்தில் ஆமெனில் வந்து முடிந்தன.

தண்ணீர் ஒன்றிலும் சோடா ஒன்றிலுமாக இரண்டு டம்ளரை நீட்டினார்கள். அத்தை வாங்கவில்லை.

"எனக்குப் புள்ள கெடையாது. அத அவர்கிட்ட சொல்லு" என்றாள் சித்தப்பாவிடம்.

சித்தப்பா தரையைப் பார்த்தார். அப்புறம் மெல்லச் சொன்னார். அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ கேட்டார்.

"அதுக்கு இன்னா இப்ப, பொய் சொல்லாத ஆளுதான வேணும்னு கேக்கறாருக்கா."

அத்தை ஒவ்வொன்றிலும் விரலைத் தோய்த்துக் குழந்தையின் நாக்கில் வைத்தாள். "கோஃபி, தண்ணின்னா தண்ணின்னு சொல்லு. சோடான்னா சோடான்னு சொல்லு. எவனுக்கும் பயந்துகினு மாத்திச் சொல்லாத." சோடா பட்டதும் அவன் முகத்தைச் சுளித்து, பிறகு நாக்கைச் சப்புக்கொட்டினான். கைதட்டல் நிற்கவே இல்லை.

அத்தைக்குப் பிள்ளை இல்லாதது தெருவுக்கே தெரிந்த விஷயம். அதை எதற்கு இந்த நேரத்தில் சொல்கிறாள் என்றிருந்தது எனக்கு. நான், தம்பி, சித்தப்பாவின் பெண் என்று எங்கள் வீட்டில் பிறந்த எல்லாருக்கும் சேனை கலக்கியது அவள்தான் என்பதும், கலக்கிய கிண்ணத்தை ஒவ்வொரு முறையும் பிள்ளை பெற்ற வேறு யார் கையிலாவது கொடுக்க வைத்தார்கள் என்பதும் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்று என் கண்ணெல்லாம் மிச்ச சோடா மேல். அதை நானும் அத்தையும் ஆளுக்குப் பாதி குடித்தோம். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. புரையேறிவிட்டது என்று நினைத்து நான் அவள் உச்சந்தலையில் தட்டினேன்.