மலை பார்த்த ரூம்

கல்யாணமான புதிதில் மனைவியைக் கப்பல் சுற்றுலா கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு, இரண்டு கம்பெனிகளின் கப்பல்களை நாள் முழுக்க மொபைலில் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றில் நீச்சல் குளம் பெரிது, இன்னொன்றில் சைவச் சாப்பாடு ஜாஸ்தி. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்த அவளுடைய அண்ணனிடம், கப்பலிலேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி அளந்துவிட்டேன். அதே வேகத்தில் அவர் எதிரிலேயே ஏஜென்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ரெண்டு கப்பல்ல எதுலங்க மலை பார்த்த ரூம் கிடைக்கும்?"

திருவண்ணாமலை லாட்ஜுகளில் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி அது. வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது.

"நடுக்கடல்ல ஏது சார் மலை?" என்றார் ஏஜென்ட்.

மச்சான் சோபாவிலேயே சரிந்தார். "மாப்ள, அப்படியே கிரிவலத்துக்கும் சேர்த்துக் கேட்டுடுங்க!"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. போனை அணைக்கப் போனேன். மனைவிதான் அதை வாங்கி, "பால்கனி ரூம் கேக்கறாருங்க" என்று சிரிக்காமல் பேசி, சாப்பாட்டுக் கப்பலையே முடிவு செய்தாள். அவள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

காபியோடு வந்த அம்மா, எந்தக் கப்பல் என்று ஆசையாகக் கேட்டாள்.

"அவளையே கேளும்மா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.