எங்கள் தெருவுக்கு ஈமெயில் குரூப் தொடங்கிய லெட்சுமி அக்கா

லெட்சுமி அக்கா போய்விட்டார். நேற்று, ஆஸ்பத்திரியில்... மகள் இன்று காலை ஃபோன் பண்ணிச் சொன்னார்.

இதை வாசிக்கும் பலருக்கு அவரைத் தெரிந்திருக்காது. மலேசியாவிலிருந்து படிக்க வந்து, நகர கவுன்சில் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்து, லண்டனிலேயே தங்கிவிட்டவர். தொண்ணூறுகளின் கடைசியில், வெம்பிளியில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவுக்கு ஈமெயில் குரூப் தொடங்கியவர்.

நான் அப்போதுதான் யூனிவர்சிட்டி முடித்திருந்தேன். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை என்று யாரோ சொல்லி, உதவி கேட்டு வீட்டுக்கு வந்தார்.

"கதவைத் தட்டினால் திறக்கிற தூரத்தில இருக்கிற ஆக்களுக்கு என்னத்துக்கு அக்கா ஈமெயில்?" என்று கேட்டேன்.

"நீ இந்தத் தெருவுல யார் கதவையாவது தட்டிருக்கியாமா?"

இல்லை. தட்டியதில்லை.

பயன் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்டேடியத்தில் மேட்ச் நடக்கும் நாட்களில் எங்கள் தெருவில் கார் விட இடம் கிடைக்காது. எந்த நாள் என்று முன்கூட்டியே எழுதுவார். குப்பை எடுக்கும் நாள் மாறினால் எழுதுவார். அப்பா பனியில் விழுந்து கால் முறிந்திருந்தபோது, கிளினிக்குக்குக் கூட்டிப்போகக் கார் கிடைக்குமா என்று நான் எழுதினேன். அதுவரை முகம் பார்த்திராத ஒருவர் வந்து கூட்டிப்போனார்.

தொல்லையும் இருந்தது. ஒருவருக்கு எழுதும் பதில் எல்லோருக்கும் போய்விடும்.

ஒருமுறை அம்மா, லெட்சுமி அக்காவுக்கு மட்டும் என்று நினைத்து, தமிழை ஆங்கில எழுத்தில் தானே தட்டி அனுப்பினார். "மூலைவீட்டு மனுசி பெரிய வாய்க்காரி, கவனம்." தெரு முழுக்கப் போனது.

மூலைவீட்டில் இருந்தவர் ஓய்வு பெற்ற ஓர் ஆங்கிலப் பெண்மணி. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் 'வாய்க்காரி' என்றால் என்ன என்று குரூப்பில் கேட்டுவிட்டார். நன்றாகப் பேசத் தெரிந்தவர் என்று அர்த்தம், என லெட்சுமி அக்கா பதில் எழுதினார். மனுசிக்குச் சந்தோஷம்...

பிறகு நடந்தது சிரிக்கக்கூடியதல்ல.

அதே மூலைவீட்டுப் பெண்மணி ஒரு நாள் குரூப்பில் எழுதினார். விடியற்காலையில் தொப்பி போட்ட ஒருவன் தினமும் தன் வீட்டு மதிலருகே நிற்கிறான். நாளைக்கும் நின்றால் பொலிஸைக் கூப்பிடப் போகிறாராம்.

அது தயாபரன் அண்ணை. அம்மாவுக்குத் தூரத்து உறவு. எங்கள் வீட்டு முன் அறையில் தங்கியிருந்தார். பாண் சுடும் ஃபாக்டரிக்கு வேலையாட்களை ஏற்றும் வான் அந்த மூலைக்குத்தான் வரும்.

வேலை செய்ய அவருக்கு அனுமதி இருந்தது. ஆனால் அகதி வழக்கு குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் முடிவில்லாமல் கிடந்தது. பொலிஸ் என்று கேட்டாலே அவருக்குச் சோறு இறங்காது. அவரிடம் ஈமெயில் கிடையாது. தெரு முழுக்க அவரைப் பற்றி வாசித்திருந்தது, அவரைத் தவிர.

என்ன எழுதுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே லெட்சுமி அக்கா எழுதிவிட்டார். 'அவர் பெயர் தயாபரன்' என்று தொடங்கி, எங்கள் வீட்டு நம்பரையும் போட்டு, முன் அறையில் தங்கியிருக்கிறார், வேலைக்குப் போகும் வானுக்காக நிற்கிறார் என்று எழுதியிருந்தார். 'நான் ரயிலுக்குப் போகும்போது தினமும் குட்மோர்னிங் சொல்வேன், நீங்களும் சொல்லலாம்' என்றும் சேர்த்திருந்தார்.

பொலிஸ் வரவில்லை. மூலைவீட்டுப் பெண்மணி அடுத்த நாள் அண்ணைக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். அண்ணை பயந்து பயந்து குடித்தாராம்.

ஆனால் பக்கத்துத் தெருவில் இருந்த எங்கள் வீட்டுச் சொந்தக்காரரும் அந்தக் குரூப்பில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்தான்.

சனிக்கிழமை வந்தார். "ஈமெயிலில பாத்தன். முன் அறையிலயும் ஒரு ஆள் இருக்கிறாராம். எனக்கு நாலு பேர் எண்டுதானே சொன்னனீங்கள்?"

அப்பா இழுத்துப் போட்ட நாற்காலியில் அவர் உட்காரவில்லை.

"மாசக் கடைசிக்குள்ள அவர் வீட்டை விட்டு எழும்ப வேணும். இல்லாட்டி எல்லாரும் எழும்புங்கோ."

நான் நேரே லெட்சுமி அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டினேன். "ஏனக்கா பேரையும் வீட்டையும் எழுதினனீங்கள்?"

அக்கா என்னை உள்ளே கூப்பிட்டார். "போலீஸ் வந்துடக் கூடாதுன்னு மட்டுந்தான் நெனச்சேன்மா. ஓனர் படிப்பாருன்னு தோணவே இல்ல."

அன்றைக்கே வந்து தயாபரன் அண்ணையிடம் மன்னிப்புக் கேட்டார்.

"அதை விடுங்கோ அக்கா" என்றார் அண்ணை. "பொலிஸ் வந்திருந்தால் எங்க போறதெண்டே எனக்குத் தெரியாது. இப்ப டூட்டிங்குக்குத்தானே போறன்."

லண்டனின் தெற்குப் பக்கம், டூட்டிங்கில் ஒரு கடைக்கு மேலே இடம் கிடைத்தது. அங்கிருந்து வந்து அந்த வானைப் பிடிக்க முடியாது. பாண் ஃபாக்டரி வேலை போனது. வழக்கு பிறகு அவருக்குச் சாதகமாக முடிந்தது. அதற்குச் சில வருடங்கள் எடுத்தன.

லெட்சுமி அக்கா குரூப்பை மூடவில்லை. யாரைப் பற்றி எழுதுவதானாலும் முதலில் அந்த ஆளிடமே கேட்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு வரி அனுப்பினார். காரணம் எழுதவில்லை.

இதை எழுத முன் அவருடைய மகளிடம் கேட்டேன். "எழுதுங்க அக்கா. முழுப் பேர் மட்டும் வேணாம்" என்றார்.

தயாபரன் அண்ணையிடமும் கேட்டேன். சாவுச் செய்தியை அவருக்குச் சொன்னதும் நான்தான்.

"எழுதும் பிள்ளை. நல்ல மனுசி எண்டு எழுதும். எனக்கு வேலை போனதையும் எழுதும்."

இரண்டையும் எழுதிவிட்டேன்.

போய் வாருங்கள், லெட்சுமி அக்கா.