அத்தானின் மரக்குளிசை அடுப்பு

அடுப்பு என்றுதான் நாங்கள் அதைச் சொன்னோம். உண்மையில் அது கொட்டிலுக்குள் நின்ற ஒரு பெரிய இரும்பு இயந்திரம். பக்கத்தில் ஆளுயரப் பெட்டி. அதற்குள் மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்ன வில்லைகளைக் கொட்டவேண்டும். டேனிஷ்காரர் அவற்றுக்கு வைத்திருந்த பெயரைத் தமிழாக்கினால் மரமாத்திரை, எங்கள் பேச்சில் மரக்குளிசை என்றுதான் வரும். எங்களுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பெட்டியின் அடியில் ஒரு நீண்ட திருகுதண்டு சுழன்று குளிசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குள் தள்ளும். நெருப்பு தண்ணீரைச் சூடாக்க, அந்தத் தண்ணீர் குழாய் வழியே ஓடி வீட்டின் ஒவ்வோர் அறையையும் சூடாக்கும். கிரின்ஸ்டெட் நகருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே இருந்த அந்தப் பழைய பண்ணை வீட்டை அத்தான் வாடகைக்கு எடுத்ததற்கு முக்கியக் காரணமே அந்த அடுப்புத்தான்.

அத்தான் என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. ஊரில் குண்டுவீச்சும் ஆட்களைப் பிடித்துப்போவதும் தொடங்கிய காலத்தில் நானும் அவருமாகப் புறப்பட்டு, கிழக்கு பெர்லின் வழியாக ரயிலேறி டென்மார்க் வந்து சேர்ந்தோம். அக்காவையும் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த மகளையும் பின்னால் கூப்பிடுவது என்பது பேச்சு. அகதிகளுக்குக் குடும்பத்தைக் கூப்பிடும் உரிமை சட்டத்திலேயே இருந்தது. எங்களுக்கு விசா கிடைத்து, நகரத்துத் தொழிற்சாலையில் வேலையும் கிடைத்ததும், ஒரு கோடையில் அத்தான் விண்ணப்பித்தார். சில மாதங்களில் வந்துவிடுவார்கள் என்று அகதிகளுக்கு உதவிக்கு இருந்த டேனிஷ் பெண்மணி சொன்னாள். அந்த இலையுதிர் காலத்திலேயே நாங்கள் பண்ணை வீட்டுக்குக் குடிபோனோம்.

முதல் பனிக்காலம் முழுக்க அத்தான் யாருமில்லாத அறைகளையும் சூடாக்கினார். எனக்கு ஓர் அறை, அவருக்கு ஓர் அறை. மற்ற மூன்றும் வெறுமையாய்க் கிடந்து வெதுவெதுப்பாயிருந்தன. ஏன் இந்த வீண்வேலை என்று கேட்டேன். "வீடு ஒருக்கா குளிரிலை ஊறிச்சுதெண்டால் பிறகு லேசிலை சூடேறாது, தம்பி. அவை திடீரெண்டு வந்து நிண்டா என்ன செய்யிறது?" என்றார். வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை கொட்டிலுக்குப் போய்ப் பெட்டியை நிரப்புவார். சாம்பல் அள்ளுவார். அக்கா குளிர் தாங்கமாட்டாள் என்பது அவருக்கு நிச்சயம். ஊரில் மார்கழிப் பனிக்கே அவள் தலையில் துவாய் சுற்றிக்கொண்டு திரிந்தவள்.

அனுமதி வரவில்லை. யாருக்குமே வரவில்லை. விபோர்க் நகரிலும் சில்க்போர்க் நகரிலும் இருந்த தமிழர்களுக்கும் அதே கதைதான். கோப்பு பார்வையில் இருக்கிறது என்ற ஒரே பதில். ஊரில் இந்திய ராணுவம் வந்து சண்டை மூண்டது. நாங்கள் இருவரும் வேலை, வீடு, கொட்டில் என்று நாட்களைக் கடத்தினோம்.

அந்தப் பனிக்காலம் முடிவதற்குள் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. அத்தான்தான் எடுத்தார். அக்காவுக்கு வயிற்றுக் குத்து. ஊரடங்கு. சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், இடையில் ராணுவம் மறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறது. மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கியபோது குடல்வால் வெடித்து எல்லாம் முடிந்திருந்தது. அதே ஆண்டு எங்களோடு தொழிற்சாலையில் வேலைசெய்த ஒரு டேனிஷ்காரனுக்கு ஆஸ்பத்திரியில் குடல்வால் எடுத்தார்கள். அவன் சில நாளில் திரும்பிவந்து எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தான். அத்தான் தன் துண்டை வாங்கி, சாப்பிடாமல் வைத்திருந்து, வேலை முடிந்து போகும்போது குப்பையில் போட்டார்.

செய்தி வந்த அன்று பின்னேரம் அவர் கொட்டிலுக்குப் போனார். எட்டிப் பார்த்தேன். அழவில்லை. பெட்டி நிறையக் குளிசைகள் இருக்க, சுவரிலிருந்த விசையை இறக்கிவிட்டு வெளியே வந்தார். அதன் பிறகு அந்த அடுப்பு எரியவில்லை. குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்க வீட்டுக்காரர் வந்து தண்ணீரை வடித்துவிட்டார். அவர் அடுத்த பண்ணையில் இருந்த, அதிகம் பேசாத ஒரு முதிய விவசாயி. ஏனென்று கேட்கவில்லை. நாங்கள் குசினியில் ஒரு மின்சார ஹீட்டரை வைத்துக்கொண்டு அங்கேயே படுத்தெழும்பினோம். வேறு வீட்டுக்குப் போகலாமென்றால் அத்தான் சம்மதிக்கவில்லை. விண்ணப்பத்துக்கு மாற்றிக் கொடுத்திருப்பது இந்த முகவரி என்றார். அக்கா இறந்ததை அவர் டேனிஷ் அதிகாரிகளுக்கு அறிவிக்கவுமில்லை. அறிவித்தால் விண்ணப்பமே விழுந்துவிடும், பிள்ளையும் வராமல் போய்விடும் என்று பயந்தார். பிள்ளை ஊரில் அத்தானின் தமக்கையுடன் இருந்தாள்.

இரண்டு பனிக்காலம் அப்படிப் போனது. பிறகு எங்கோ ஒரு கதவைத் திறந்துவிட்டதுபோல எல்லோருக்கும் அனுமதி வரத் தொடங்கியது. உதவிக்கு இருந்த பெண்மணி தொலைபேசியிலேயே மகிழ்ச்சியில் கத்தினாள். எனக்கும் கேட்டது. உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது, வாழ்த்துகள் என்றாள். அத்தான் டேனிஷில் நன்றி சொன்னார். பிறகு, தனக்குத் தெரிந்த உடைந்த டேனிஷில், மனைவி இல்லை, மகள் மட்டும் என்றார். மறுமுனையில் அவள் அழுதிருக்கவேண்டும். "பரவாயில்லை, பரவாயில்லை" என்று இவர்தான் அவளைத் தேற்றினார்.

விபோர்க்கிலிருந்த ஒருவரின் மனைவி தன் பிள்ளைகளோடு ஊரிலிருந்து வரும்போது எங்கள் பிள்ளையையும் கூட்டிவருவதாக ஏற்பாடு. மாசி மாதம். வெளியே எல்லாம் வெள்ளை. அவள் வருகிற நாளன்று காலையில் வீட்டுக்காரர் குழாய்களில் மறுபடி தண்ணீர் நிறைத்துக் கொடுத்தார். அத்தான் விசையைத் தூக்கினார். மோட்டார் உறுமியது, ஆனால் தண்டு சுழலவில்லை. பிறகு டக்கென்று ஒரு சத்தம். தண்டு இறுகினால் மோட்டார் எரிந்துபோகாமல் இருக்க, முதலில் முறிந்து கொடுக்கிற ஒரு சிறு ஆணி அதில் உண்டு. அது முறிந்திருந்தது. புதிய ஆணி போட்டார். அதுவும் முறிந்தது.

வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். அந்தத் திருகுதண்டை அவர்கள் நத்தை என்பார்கள். "நத்தை இறுகிவிட்டது" என்றார். கொட்டில் கூரை ஒழுகி, பெட்டியில் விட்டுவைத்த குளிசைகளெல்லாம் ஈரத்தில் ஊதி மறுபடி மரத்தூளாகி, தண்டு சுழலும் குழாய்க்குள் சீமெந்துபோல் கட்டியாகியிருந்தன. இன்றைக்கு முடிகிற வேலை இல்லை, பிள்ளை இரவு எங்கள் வீட்டில் படுக்கட்டும், என் மனைவி பார்த்துக்கொள்வாள் என்றார் அவர். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"வேண்டாம். என்ரை பிள்ளை என்ரை வீட்டிலைதான் படுக்கவேணும்" என்று அத்தான் தமிழிலேயே சொன்னார். அந்த மனிதருக்குப் புரிந்திருக்கும். போய்த் தன் கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

பெட்டியை வாளி வாளியாக வெறுமையாக்கினோம். நட்டுகளைக் கழற்றி மோட்டாரை விலக்கினோம். தண்டு வெளியே வர மறுத்தது. நான் ஒரு முனையில் இழுக்க, அத்தான் மறுமுனையில் உளியை வைத்து அந்தக் கட்டியைக் கொத்திக்கொண்டிருந்தார். மெல்ல அடியுங்கோ, தண்டு வளைந்துவிடும் என்றேன். அவர் கேட்கவில்லை. அடுப்பைத்தான் அடிக்கிறாரா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. "வாய்க்குள்ளை வைச்சுக்கொண்டு விழுங்காமல் நிக்குது, சனியன்!" என்றார். கையில் தோல் உரிந்து இரத்தம் வந்தது. ஒருவழியாகத் தண்டு கழன்றது. அடுத்து எரிகலத்தைப் பார்த்தால், காற்று வருகிற துளைகளெல்லாம் பழைய சாம்பல் உருகி இறுகி அடைத்துக் கிடந்தன. ஒவ்வொன்றாக ஆணியால் குத்தித் திறந்தோம்.

அந்த நேரத்தில்தான் கார் வந்து நின்றது. அத்தான் அப்படியே எழும்பி ஓடினார். முகமெல்லாம் கரி, கையில் இரத்தம். விபோர்க் பெண்ணின் சேலையைப் பிடித்துக்கொண்டு, யாரோ கொடுத்த பெரிய கோட்டுக்குள் ஒரு சிறுமி நின்றாள். அக்காவின் நெற்றி. அத்தான் கையை நீட்டினார். அவள் பின்வாங்கி அந்தப் பெண்ணின் பின்னால் ஒளிந்துகொண்டாள். என்னைப் பார்த்து, "இவரோ அப்பா?" என்று கேட்டாள்.

"ஓம், பிள்ளை. அப்பாதான். நான் மாமா."

அவள் நம்பவில்லை. அத்தான் நீட்டிய கையைப் பார்த்தார். காற்சட்டையில் துடைத்தார். பிறகு கொட்டிலுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

தண்டை மாட்டி, காய்ந்த குளிசைகளைக் கொட்டி, பத்திரிகைத் தாளைக் கொளுத்தி வைத்தபோது முதலில் புகைதான் வந்தது. பிறகு காற்று பிடித்து நெருப்பு நிமிர்ந்தது. குளிசைகள் கலகலவென்று விழும் சத்தம் கேட்டதும் அத்தான் தரையில் குந்திவிட்டார். "இப்ப எரியுது. இப்ப எரிஞ்சென்ன?" என்றார். நான் அவரைத் தொடவில்லை. வீடு சூடேற நெடுநேரம் எடுத்தது. அவர் சொன்னது சரிதான், சுவர்கள் குளிரில் ஊறியிருந்தன. பிள்ளை கோட்டைக் கழற்றாமலே தூங்கினாள்.

அவள் மெல்ல மெல்ல அவரோடு சேர்ந்தாள். பள்ளிக்கூடம் போனாள். எங்களுடையது தொழிற்சாலைக்குள் மட்டும் செல்லுபடியாகிற டேனிஷ். அவளுடையது தொலைக்காட்சிக்காரருடையதைப் போலிருந்தது. பின்னேரங்களில் செய்தி போகும்போது அப்பாவின் மடியில் சாய்ந்துகொண்டு தமிழில் சொல்லுவாள். அதில் இருவருக்கும் ஒரு பெருமை. அம்மா இறந்தது அவளுக்குத் தெரியும்; அதற்கு முன்னமே ஏன் இங்கே வரவில்லை என்று அவள் கேட்டபோதெல்லாம், ஊரில் சண்டை, பாதை இல்லை என்றுதான் அவர் சொல்லியிருந்தார். ஒரு பிள்ளைக்கு அதைவிட என்ன சொல்வது?

சில வருடம் கழித்து, தமிழர் வழக்கு என்று டென்மார்க்கே பேசிய விசாரணையின் முடிவு வந்து, அரசாங்கம் விழுந்த நாள். தொழிற்சாலையில் ஒருவன் அத்தானின் தோளில் தட்டி, "நீங்கள் வென்றுவிட்டீர்கள்!" என்றிருந்தான். வீட்டில் மூவரும் செய்தி பார்த்தோம். பிள்ளை வழக்கம்போல் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"மந்திரி தமிழாக்களின்ரை பேப்பருகளை வேணுமெண்டே நிப்பாட்டி வைச்சவராம், அப்பா. அது சட்டத்துக்குப் பிழையாம். அவையின்ரை மனுசிமாரும் பிள்ளையளும் வந்திருக்கலாமாம்."

செய்தியாளர் அது எந்த ஆண்டில் தொடங்கியது என்று சொன்னார். அவளும் அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"அப்ப அம்மா இருந்தவவோ?"

அத்தான் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அப்ப அம்மா உயிரோடை இருந்தவவோ?"

"ஓம்," என்றார்.

அவள் மடியிலிருந்து எழுந்தாள். "மிச்சத்தை நீங்களே கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

இப்போது அவள் சில்க்போர்க்கில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அத்தான் அவளுடைய வீட்டிலேயே இருக்கிறார். நல்ல மகள். மருந்து, சாப்பாடு ஒன்றுக்கும் குறைவைப்பதில்லை. நான் போகிற நாட்களில் மூவருமாக இருந்து செய்தி பார்ப்போம். அத்தானுக்குக் காதும் மந்தம், டேனிஷும் முழுதாக வந்து சேரவில்லை. பாதி விளங்காமல் என் பக்கம் திரும்பி, "என்னவாம், தம்பி?" என்று கேட்பார். நான் எனக்கு விளங்கியதைச் சொல்லுவேன். எனக்கும் பாதிதான் விளங்கும். எல்லாம் விளங்கியவள் பக்கத்தில்தான் இருப்பாள். அன்றைக்குப் பிறகு அவளிடம் அவர் கேட்பதில்லை.